ஐந்து வருட ஒப்பந்தம்

“என்னை வேலையாலை நிப்பாட்டுங்கோ எண்டு நானே போய்க் கேட்டனான், மச்சான்.”

எழுபதுகளின் ஒரு குளிர்கால மாலையில், கிளேட்டனிலிருந்து ஸ்டேஷனுக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையிலிருந்து இந்தக் குரல் வந்தது. மெல்பேர்னில் தமிழைக் கேட்டுப் பல வாரங்கள் ஆகியிருந்ததால் காதைத் தீட்டிக்கொண்டேன். பேசியவர் ஒரு கல்லூரியின் ஹாக்கி கோச் என்பது போகப்போகத் தெரிந்தது. பக்கத்தில் அவருடைய நண்பர் இருந்தார்.

“உனக்கென்ன விசரே? அஞ்சு வருஷத்துக்கு ஒப்பந்தம் எழுதித் தந்தவங்கள். ஆரும் உன்னை அசைக்கேலாது” என்றார் நண்பர்.

“ஓம், அதுதான் கரைச்சல். ரெண்டாம் வருஷம் தோத்தவுடனை புதுக் கோச்சைக் கொண்டுவந்திட்டினம். என்னை அனுப்பவும் ஏலாது. ஒரு அறையிலை கதிரையைப் போட்டு இருத்தி வைச்சினம். கிரவுண்டுப் பக்கம் போகக்கூடாதாம், புது ஆளுக்கு இடைஞ்சலாம்.”

“சம்பளம் வருதெல்லே? பேசாமல் இருந்திருக்கலாம்.”

“ஒருத்தரோடையும் கதைக்காமல் ஒரு நாள் முழுக்க இருந்து பார். பெடியள் விளையாடுற சத்தம் மட்டும் ஜன்னலாலை கேக்கும்.”

“நீ கேட்டதுக்குக் கல்லூரிக்காரர் என்ன சொன்னவை?” என்று கேட்டார் நண்பர்.

“உடனை சம்மதிச்சிட்டினம். நேற்றோடை முடிஞ்சுது. சனிக்கிழமை மட்ச் இருக்கு. இனி ஆரும் என்னை மறிக்கேலாது. வேலிக்கு வெளியாலை சனத்தோடை நிண்டு பாப்பன்.”

“தனியவோ?”

“தனியத்தான். ஆனால் பெடியள் என்னைக் காணுவாங்கள்.”