செத்தவளுக்கு எடுத்த ஸ்கேன்

பதுளையில் பஸ் புறப்பட்டதும், எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் கணவனிடம் கேட்டாள்.

"செத்தவளுக்கு எதுக்குங்க ஸ்கேன்?"

"அறுக்கிறதுக்கு முன்னாடி எடுத்தாங்களாம். எலும்பெல்லாம் அப்படியே தெரியுமாம். டொக்டர் ஸ்கேனையும் பார்த்து, அறுத்தும் பார்த்துட்டுத்தான் சொல்றாரு."

"தோட்டத்து லயத்து வீட்டுப் படியில வழுக்கி விழுந்தான்னு தானே அவ புருசன் சொன்னாரு?"

"விழுந்தா புதுசா ஒடையும். ஒன் தங்கச்சிக்கு வெலா எலும்புல பழைய ஒடைவும் இருக்காம். தானா கூடி, திரும்பவும் ஒடைஞ்சிருக்காம்."

அவள் சட்டென்று கணவன் பக்கம் திரும்பினாள்.

"அவளோட பாப்பா அவன்கிட்டல்ல இருக்கா?"

"மெதுவாப் பேசு. டொக்டர் பொலிசுக்குச் சொல்லிட்டாரு. அவங்க வர்றதுக்குள்ள புள்ளைய எடுத்துறணும்."

அப்போது அவளுடைய போன் அடித்தது. திரையைப் பார்த்தவள், "அவன்தான்" என்று கணவனிடம் காட்டிவிட்டு எடுத்தாள்.

"சொல்லுங்க தம்பி... இல்ல, டொக்டர் ஒன்னும் சொல்லல. பாப்பாவுக்கு எழவுக்குப் போட வெள்ளச் சட்டை எடுக்கணும். ரோட்டுக்குக் கூட்டிக்கிட்டு வாங்க. இதே பஸ்ஸுல பண்டாரவளைக்குப் போய் எடுத்துக்கிறோம்."

தோட்டத்துச் சந்தியில் ஒருவன் சின்னப் பெண்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றான். அவள் மிதிபலகையில் நின்றபடி பிள்ளையை வாங்கினாள். அவன் பிள்ளையின் காலை விடவில்லை.

"ஏங்க்கா, கை இப்படி நடுங்குது?"

"குளிருது தம்பி."

நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவன் அவளையே பார்த்துவிட்டு மெதுவாகக் காலை விட்டான். பஸ் வளைவில் திரும்பும்வரை அந்த இடத்திலேயே நின்றான்.