குளோரினுக்கு இரண்டு பர்மிட், கல்யாணத்துக்கு ஒன்று

அவையை அலங்கரித்து அமர்ந்திருக்கும் தலைவர், எங்கள் ஊர்த் தீயணைப்புப் படையின் தளபதி ஹார்லன் டிட்மர் அவர்களே! தீயைக் கண்டு ஊரே ஓடும்போது அதே தீயை நோக்கி ஓடுகின்ற தன்னார்வத் தம்பிகளே, தங்கைகளே! ஓஹாயோ ஆற்றின் இக்கரையிலிருந்தும் அக்கரையிலிருந்தும் வந்து, ஒரே கூடத்தில் ஒரே ஸ்பகெட்டியை உண்டுகொண்டிருக்கும் லாரி ஓட்டுநர் உறவுகளே! ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துக் கை காய்த்துப்போன மூத்தவர்களே! என் கடை ஆப்பிள் பலகாரத்தைத் தலைகுனிய வைக்கும் பலகாரங்களைச் சுட்டுவந்து மேசையில் வரிசையாக வைத்திருக்கும் தாய்மார்களே! ஒருவரும் நழுவிவிடக் கூடாதென்று கதவோரமாகவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் நெடுஞ்சாலைக் காவலர் அவர்களே! குடித்துவிட்டு ஓட்டுவார்கள் என்று பயப்படாதீர்கள் ஐயா, இன்று இங்கே எல்லோரும் நடந்துதான் வந்திருக்கிறார்கள்.

என்ன சிரிப்பு? சரி, சிலர் நடந்து வந்திருக்கிறார்கள்.

அனைவருக்கும் ஓபல் ரஸ்னிக்கின் மாலை வணக்கம். என்னைத் தெரியாதவர்கள் இந்தப் பள்ளத்தாக்கில் பட்டினியாகக் கிடப்பவர்கள் மட்டுமே. பாலத்தடியில், ஓஹாயோ பக்கத்தில், என் உணவுக்கடை இருக்கிறது. பாலத்தில் ஏறினால் மேற்கு வர்ஜீனியா. இறங்கினால் என் காப்பி.

இந்த ஆண்டு விருந்தில் பொது பர்மிட்டைப் பற்றிப் பேச வேண்டும் என்றார் தலைவர். "எனக்கென்ன தெரியும் சீஃப், நான் முட்டை பொரிக்கிறவ" என்றேன். "நடந்ததை அப்படியே சொல்லு ஓபல், போதும்" என்றார். சொல்கிறேன். நடந்தது முழுக்க என் கடை வாசலில்தான்.

குளோரின் என்பது என்ன? குழாயைத் திறந்தால் நம் பிள்ளைகள் நம்பிக் குடிக்கும் நீரைத் தூய்மையாக்குவது அதுதான். சிலிண்டரைத் திறந்தால் ஊரையே கொல்வதும் அதுதான்! அப்படிப்பட்ட சரக்கைச் சுமக்க பர்மிட் வேண்டாமா? வேண்டும்! சோதனை வேண்டாமா? வேண்டும்! ஆனால் ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு பர்மிட், அந்தப் பக்கம் ஒரு பர்மிட். இங்கே ஒரு கேள்வி, அங்கே அதே கேள்வியைத் திருப்பிப் போட்டு இன்னொரு கேள்வி. அங்கே நீல மை, இங்கே கறுப்பு மை! ஆறு ஒன்று, பாலம் ஒன்று, குளோரின் ஒன்று. பர்மிட் மட்டும் ஏனய்யா இரண்டு?

இரண்டையும் எடுத்து வைத்துக்கொள்ளச் சின்னக் கம்பெனிகளால் முடியுமா? முடியாது. அதனால் நம்மவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கண்டுபிடிப்பதில் நம்மை யார் மிஞ்ச முடியும்? ஓஹாயோ பர்மிட் வைத்திருக்கும் ஓட்டுநர் சரக்கை என் கடை முற்றம் வரை கொண்டுவந்து, டிரெய்லரைக் கழற்றி நிறுத்துவார். மேற்கு வர்ஜீனியா பர்மிட் வைத்திருப்பவர் வெறும் வண்டியோடு பாலம் இறங்கி வந்து, அதே டிரெய்லரைப் பூட்டிக்கொண்டு போவார். சட்டத்துக்கும் திருப்தி, என் கல்லாவுக்கும் திருப்தி. இரண்டு பேரும் சாப்பிடாமல் போவார்களா என்ன?

அப்படிச் செவ்வாய்க்கிழமைதோறும் வந்தவர்கள் இரண்டு பேர். இக்கரையிலிருந்து ஜோலீன் பெட்ராக்கோ. அதோ, மூன்றாவது மேசையில் பச்சைச் சட்டை. கைதட்டுங்கள்! அக்கரையிலிருந்து டெல்மர் ஹாக். எங்கே டெல்மர்? மேசைக்கடியில் ஒளியாதே, உன் உயரத்துக்கு அங்கே இடமில்லை.

ஜோலீன் பேசினால் வானொலிக்கு வேலை இல்லை. டெல்மர் வாயைத் திறந்தால் அது சாப்பிடுவதற்குத்தான். மனைவி தவறிப்போனபிறகு இந்த மனுஷன் என் கடையில் பேசிய பேச்செல்லாம் "முட்டை", "உப்பு", "நன்றி" அவ்வளவுதான். ஆனால் டிரெய்லரை ஒப்படைக்கும்போது இருவரும் சேர்ந்து அதைச் சுற்றிப் பார்த்தாக வேண்டுமல்லவா? வால்வு, டயர், அபாயப் பலகை எல்லாவற்றையும்? மற்றவர்கள் ஒரு சிகரெட் நேரத்தில் முடிக்கிற வேலை. இவர்களுக்கோ, நான் ஊற்றிவைத்த காப்பி ஆறி, மறுபடி சுட வைத்து, அதுவும் ஆறிப்போகும்! ஜன்னல் வழியே நானும் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன். சில தேசங்களில் நெருப்பைச் சுற்றிவந்து கல்யாணம் செய்கிறார்களாம். இவர்கள் குளோரினைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஒரு டயரை எத்தனை தடவைதான் தட்டிப் பார்ப்பீர்கள், பாவிகளா?

இப்படிப் போய்க்கொண்டிருந்த கதையில் போன கோடை வந்தது.

வெயில் என்றால் அப்படியொரு வெயில். என் முற்றத்துத் தார் இளகிக் கிடந்தது. ஜோலீன் டிரெய்லரைக் கழற்றிவிட்டு இறங்கி, பக்கத்தில் நின்று கையுறையை உருவிக்கொண்டிருந்தாள். டிரெய்லரைத் தாங்கும் இரும்புக் காலில் ஒன்று தாருக்குள் இறங்க ஆரம்பித்தது. சத்தமே இல்லை. குளோரின் சிலிண்டர்களை அடுக்கிய அத்தனை பெரிய டிரெய்லர், அவள் நின்ற பக்கமாக மெல்லச் சாய்ந்தது. டெல்மர் கத்தினான். அன்றுதான் அவன் குரலை முழுசாகக் கேட்டேன்.

"ஜோலீன்! ஓடு! எதுவும் கேக்காத, ஓடு!"

அவள் ஓடினாள். என் கடையில் இருந்தவர்கள் எல்லோரும் ஓடினார்கள். நானும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். சீஃப் டிட்மரும் இதோ உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் வந்து, முட்டுக்கொடுத்து, சாய்ந்ததை நிமிர்த்தினார்கள். ஒரு சிலிண்டரும் கசியவில்லை. அவர்களுக்காக ஒருமுறை எழுந்து நின்று கைதட்டுங்கள்!

உட்காருங்கள். இப்போது என் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அந்த டிரெய்லர் ஏன் என் முற்றத்தில் கழற்றப்பட்டது? சாலை கேட்டதா? சரக்கு கேட்டதா? ஆபத்தைத் தடுக்கப் பிறந்த பர்மிட்டே, ஆபத்தை என் வாசலில் இறக்கிவைத்துவிட்டு நின்றதே!

மத்திய அரசு மானியம் தருகிறது என்ற சேதி அதற்குப் பிறகுதான் நம் காதில் ஏறியது. 'மாநிலங்களே, ஆளுக்கொரு கேள்வி வேண்டாம். ஒரே விண்ணப்பம், ஒரே ஒழுங்கான சோதனை, ஓரிடத்தில் வாங்கினால் சேர்ந்திருக்கும் எல்லா மாநிலத்திலும் செல்லும் ஒரே பர்மிட். மாறுவதற்கு ஆகும் கணினிச் செலவும் பயிற்சிச் செலவும் எங்களுடையது' என்றார்கள். கேட்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க, இதே கூடத்தில் இரு கரையாரையும் கூட்டிக் கருத்துக்கேட்புக் கூட்டம் போட்டோம்.

என்ன? பின்னால் யாரோ "வாஷிங்டன் காசு நமக்கெதுக்கு" என்கிறார்கள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். ஏன் எல்வுட், நீ வந்த நெடுஞ்சாலையை உன் வீட்டிலிருந்தா சுருட்டி எடுத்துவந்தாய்?

அன்றும் இப்படித்தான் முணுமுணுப்பு. "இன்னிக்கு மானியம்பான், நாளைக்கு மூக்கணாங்கயிறு போடுவான்" என்றது ஒரு குரல். "நம்ம பொழப்புல மண்ணு" என்றது இன்னொன்று. அந்த நேரம் பார்த்து எழுந்து நின்றது யார்? டெல்மர் ஹாக்! 'முட்டை, உப்பு, நன்றி' டெல்மர்! மானியம் வேண்டும் என்ற சீஃப் பக்கம்தான் பேசப் போகிறான் என்று எல்லோரும் நினைத்தோம். அவனோ, "இது நம்ம மாநிலத்தோட கௌரவம்! நம்ம பர்மிட்டு நமக்கு! ஆத்துக்கு அந்தாண்ட இருக்கறவன் பர்மிட்ட நாம எதுக்கு ஒத்துக்கணும்?" என்று முழங்கினான். கூடம் அதிர்ந்தது. சபாஷ் என்றார்கள், மேசையைத் தட்டினார்கள். மானியம் அன்றைக்கே ஆற்றோடு போயிருக்கும்.

ஜோலீன் எழுந்தாள்.

"டெல்மர், உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? அந்த டிரெய்லர் சாஞ்சப்ப அதுக்குப் பக்கத்துல நின்னது உன் மாநிலத்தோட கௌரவமா? நான்யா நின்னேன்!"

"தெரியும்."

"தெரிஞ்சுமா இப்படிப் பேசற? மறுபடியும் அங்க நின்னு நான் சாகணுமா?"

"ஐயோ, அப்படிச் சொல்லாத ஜோலீன்."

"அப்ப என்னதான்யா உன் பிரச்சினை? வாயத் திறந்து சொல்லித் தொலையேன்!"

டெல்மர் தொப்பியைக் கழற்றினான். மாட்டினான். மறுபடி கழற்றினான். "ஒரே பர்மிட்டு வந்துட்டா, ஒரு வாரம் நீ நேரா போயிருவ, மறு வாரம் நான் நேரா போயிருவேன். வேலை ஒண்ணும் போகாது. ஆனா... யாரும் எங்கயும் நிக்க வேண்டாமே. செவ்வாய்க்கிழமைன்னு ஒண்ணு அப்புறம் எனக்கு எதுக்கு?"

ஜோலீன் இடுப்பில் கை வைத்தாள்.

"அட முட்டாளே! வாராவாரம் வெறும் வண்டியாத்தான பாலம் இறங்கி வர்ற? வெறும் ஆளா வந்தா பாலம் உன்ன விடமாட்டேன்னுதா?"

அந்தக் கைதட்டலில் கூரை பிய்ந்தது. சீஃப், அந்த ஓட்டை இன்னும் ஒழுகுகிறது. கைகள் உயர்ந்தன, மானியத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லி இரு கரையும் எழுதின, மானியம் வந்தது, பொது பர்மிட்டும் வந்துவிட்டது!

அந்தக் கூட்டத்துக்கு மறு ஞாயிற்றுக்கிழமையே டெல்மர் வந்தான். வண்டியில்லாமல், வெறும் ஆளாக, நடந்தே பாலம் இறங்கி வந்தான். ஜோலீன் தன் காரோடு என் முற்றத்தில் நின்றாள். டிரெய்லர் இல்லை, வால்வு இல்லை. பாவம், மனுஷனுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. அவள் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். டயரைத் தட்டினான். "பின் டயர்ல காத்து கம்மியா இருக்கு" என்றான்.

"அது போகட்டும், என்னைக் கட்டிக்கறியா?" என்றாள் ஜோலீன்.

வரும் மாதம், இதே கூடத்தில் கல்யாணம். அன்பானவர்களே, ஒன்று கேட்கிறேன். அவர்கள் கல்யாண உரிமத்தை எங்கே எடுக்கிறார்கள்? ஓஹாயோவில். பாலம் தாண்டினால் அது செல்லாதா? செல்லும்! கலிபோர்னியாவில்? செல்லும்! அலாஸ்காவில்? செல்லும்! ஒரு மாநிலத்தில் மாட்டிய மோதிரத்துக்கு ஐம்பது மாநிலமும் தலையாட்டுகிறதே, கல்யாணத்தை விடவா அபாயமான சரக்கு குளோரின்?

ஆண்கள் இவ்வளவு பலமாகக் கைதட்ட வேண்டாம். பக்கத்தில் மனைவிமார் இருக்கிறார்கள்.

சிரித்தது போதும், இதைச் சொல்லி முடிக்கிறேன். பர்மிட் என்பது வெறும் தாள் அல்ல. முகம் தெரியாத ஊருக்கு, பெயர் தெரியாத பிள்ளைகளுக்கு, 'உங்கள் வாசல் வழியே பத்திரமாகப் போவேன்' என்று ஓட்டுநர் கொடுக்கும் வாக்கு. பாலத்தின் இந்தத் தலையில் கொடுத்த வாக்கு அந்தத் தலையில் காலாவதியாகலாமா? ஆகாது! வாக்கு ஒன்றே! ஆறு தாண்டினாலும் ஒன்றே! மலை தாண்டினாலும் ஒன்றே!

வரும் செவ்வாய்க்கிழமை, பொது பர்மிட்டோடு முதல் வண்டி நேராகப் போகிறது. ஓட்டப்போவது ஜோலீன். என் முற்றத்தில் நிற்கத் தேவையில்லை. எனக்கு இரண்டு சாப்பாடு நஷ்டம்தான், இருக்கட்டும். அந்தச் சாய்ந்த டிரெய்லரை நினைத்தால் எனக்கு இன்னும் தூக்கம் கெடுகிறது. நிற்காமல் போம்மா ஜோலீன். ஒரு ஹாரன் மட்டும் அடித்துவிட்டுப் போ.

என்ன சொல்கிறாள்? "ரெண்டு அடிக்கறேன் ஓபல் அக்கா, ஒண்ணு உனக்கு, ஒண்ணு உன் ஜன்னல்கிட்ட உட்கார்ந்திருக்கற ஆளுக்கு" என்கிறாள். அப்படியா டெல்மர்? பர்மிட்டெல்லாம் கேட்க மாட்டேன். முட்டையும் உப்பும் எடுத்து வைக்கிறேன், வந்துவிடு.

பொறுமையாகக் கேட்ட காதுகளுக்கும், போகப்போகும் பாதைகளுக்கும், சாய்ந்ததை நிமிர்த்திய கைகளுக்கும் என் நன்றி. எல்லோரும் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்!