எட்டணாக் குறட்டின் மூக்கு

“...அதனாலதானுங்க மச்சான் சொல்றேன், உங்க சீமைக் குறட்டைவிட என்னோட எட்டணாக் குறடு ஒசத்தி!”

சேவூரிலிருந்து திருப்பூர் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டுக்காரர் சொன்னார். மடியில் ரேடியோ, பக்கத்தில் அவருடைய மச்சான்.

“மாப்ள, தங்கச்சி சீர்ல வந்த ரேடியோங்க அது. விளையாட்டுக்குப் பிரிச்சு, ஸ்டேஷன் முள்ளை நகத்துற கயித்தை அத்துப்போட்டீங்க. திருப்பூர் ராயபுரத்து ரிப்பேர் கடைக்காரரே பாக்கட்டும்.”

“கயிறு மாட்டற சந்துல உங்க குறட்டு மூக்கு நுழையலீங்களே! என்னுதை நேத்துத்தான் அரத்துல ராவி ஊசியாட்டம் ஆக்கி வீட்டுல வெச்சிருக்கேன்.”

“குறட்டைப் போயி யாராச்சும் ராவுவாங்களா?”

“உங்களுதை ராவ உங்களுக்கு மனசு வராதுங்க. எனக்கு வந்துச்சு. அறுத்த கைதானுங்க கட்டோணும்.”

அவிநாசியில் பஸ் நின்றது. மச்சான் வெற்றிலைச் சாற்றைத் துப்ப ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். மாப்பிள்ளை ரேடியோவைக் கைக்குழந்தையாக இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்கி, சேவூர் திரும்பும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.