விலக்குப் பட்டியலில் ஒரு வரி

எங்கள் வேலையில் நன்றி சொல்லி எழுதுகிறவர்கள் குறைவு. எங்கள் வைரஸ் தடுப்பு மென்பொருளிடம் தவறாகப் பிடிபட்ட நல்ல புரோகிராம்களை, மகாட்டி நகரில் பதினான்காவது மாடியில் உட்கார்ந்து விடுவிப்பவள் நான். புகார்ப் படிவத்தின் கடைசிக் கட்டம் 'வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா' என்பது. பலர் காலியாக விடுவார்கள். சிலர் திட்டுவார்கள்.

அனிசெட்டோ அதில் கடிதம் எழுதினார்.

கடான்டுவானெஸ் தீவில் ஓய்வுபெற்ற ரேடியோக்காரர். அவர் எழுதிய சிறு புரோகிராம் ஊராட்சி அலுவலகக் கம்ப்யூட்டரில் தானாக ஓடும். புயல் அறிவிப்பு வந்தால் மீனவர் அத்தனை பேர் போனுக்கும் செய்தி அனுப்பும். அதைச் சுருக்கிக் கட்ட ஓர் இலவசக் கருவியைப் பயன்படுத்தியிருந்தார். திருடர்களும் அதே கருவியைத்தான் பயன்படுத்துகிறார்கள். எங்கள் மென்பொருள் உள்ளே இருப்பதைப் பார்ப்பதில்லை, கட்டிய முடிச்சைப் பார்க்கும். அதனால் முதல் தடவை பிடிபட்டது இயல்பானது.

"செலி மகளே, உங்க போலீஸ்காரன் என் பிள்ளையைப் புடிச்சிட்டான்" என்று, படிவத்தில் இருந்த என் பெயரைப் பார்த்து எழுதினார். "என் தம்பி தெலோ சிரிக்கிறான். 'அண்ணே, உன் பெட்டியைவிட என் முழங்கால் வலி நல்லா வானிலை சொல்லும்'ங்கிறான்."

பிடிக்கக் கூடாதவற்றின் விலக்குப் பட்டியலில் ஒரு வரி சேர்த்தேன். மறுநாளே சரியானது. ஒரு டப்பா நிறைய, பாதாம் மாதிரியான பிலிக் கொட்டை அனுப்பினார். பக்கத்து மேஜை ரோடல், "செலி அக்கா, உங்க ஆளு சீர் அனுப்பியிருக்காரு" என்றான். எனக்கு யாரும் எதுவும் அனுப்பியதில்லை.

பிறகு கடிதம் இல்லை. குணமானவர் டாக்டருக்கு எழுதுவதில்லை, அவ்வளவுதான். வேறு கருவியால் கட்டுங்கள் என்று ஒரு வாக்கியம் எழுதியிருந்தால் அவருக்கு எங்கள் தேவையே இருந்திருக்காது. அதை நான் எழுதவில்லை.

ஜூனில் அந்த வரியை எடுத்தேன்; புரோகிராம் மறுபடி பிடிபட்டது. இரண்டு நாளில் கடிதம் வந்தது. ஒரு மணி நேரத்தில் விடுவித்தேன். ஆகஸ்டில் ஒரு தடவை, செப்டம்பரில் ஒரு தடவை. இந்த விசாரணையில் நீங்கள் காட்டும், நான் வரியை எடுத்த தேதிகளின் பதிவு சரிதான். ஆனால் அவரை நான் ஒருபோதும் காக்க வைத்ததில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காவது தடவை, கல்லறைத் திருநாள் விடுமுறைக்கு முந்தைய வியாழக்கிழமை. மற்ற நாளில் ஊராட்சி அலுவலகத்தில் யாராவது திரையில் சிவப்புப் பெட்டியைப் பார்த்து அவருக்குச் சொல்வார்கள். அந்த நான்கு நாள் அலுவலகம் பூட்டியிருக்கும். அதை யோசித்தேனா என்று கேட்கிறீர்கள். யோசித்தேன். தாமதமானால் கடிதம் நீளமாக இருக்கும் என்று நினைத்தேன்.

வெள்ளி மாலை புயல் அறிவிப்பு வந்தது. யாருக்கும் செய்தி போகவில்லை. கல்லறையில் வைக்க மெழுகுவர்த்தியும் பலகாரமும் வாங்கக் காசு வேண்டும் என்று சனிக்கிழமை விடியலில் மூன்று படகுகள் மீன்பிடிக்கக் கிளம்பின. ஏழு பேர். யாரும் திரும்பவில்லை.

விடுமுறை முடிந்து வந்தபோது கடிதம் காத்திருந்தது. நீளமானது இல்லை.

"செலி மகளே, தெலோ கிளம்புறப்ப கேட்டான், 'அண்ணே, உன் பெட்டி ஒண்ணும் சொல்லலையா?' நான்தான் சொன்னேன், அது பேசலைன்னா வானம் நல்லாருக்குன்னு அர்த்தம், தைரியமா போடான்னு. நான் எழுதுனதுல எங்கயோ தப்பு இருக்கு. பார்த்துச் சொல்லு தாயி."

மூன்று தடவை படித்தேன். அதில் சிரிப்பு இல்லை. அவரை எப்படித் தேற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் வரியைச் சேர்த்துவிட்டு, எல்லோருக்கும் அனுப்பும் பதிலையே அனுப்பினேன்: 'சரிசெய்யப்பட்டது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.'

அதன்பின் அவர் எழுதவில்லை. புரோகிராம் இப்போதும் ஓடுகிறது என்று எங்கள் பதிவு சொல்கிறது. பக்கத்து இரண்டு ஊர்களும் அதில் சேர்ந்திருக்கின்றன. ஆனால் அவர் சாப்பிடுகிறாரா, துணைக்கு யாராவது இருக்கிறார்களா என்று பதிவு சொல்லாது.

நேற்றுக் காலை அந்த வரியை மறுபடியும் எடுத்தேன். அவர் எப்படி இருக்கிறார் என்று யாராவது ஒருத்தர் விசாரிக்க வேண்டாமா?