மேற்குச் சுவர் மீன்

நல்லசிவம் சார் மீன் சாப்பிட மாட்டார். ஆயுசெல்லாம் மீனைப் பற்றியே படித்தவர் என்பதால் எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. தோட்டத்துக்கு வந்தால் அவருக்குத் தனியாகக் கத்தரிக்காய்க் குழம்பு வைப்பேன்.

முதலிலிருந்தே சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. சார் விருதுநகரில் வாத்தியார். இந்தப் பக்கத்துக் கண்மாய் மீன்களையெல்லாம் முதன்முதலில் வரைந்து, பேர் எழுதி வைத்தவர். ஆலங்குளத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிணற்றை ஆழப்படுத்தியபோது, மேற்குச் சுவர்ப் பாறையில் ஒரு மீன் முள்ளோடு பதிந்திருந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து சார் அந்தச் சுவரைக் குடைந்து உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்.

"இங்கன கடல் இருந்திருக்கு, பெத்தணன்" என்றார் சார்.

"கடலே இருந்துச்சாம். ஒரு குடம் தண்ணியக் காணோமே சார்" என்றார் என் வீட்டுக்காரர்.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு சார் சிரித்தார். சின்ன வயதில் சிவகாசியில் நடந்த வெடிவிபத்தில் அவருக்கு இரண்டு காதும் போய்விட்டது.

ஊற்று மேற்குச் சுவருக்குப் பின்னால்தான் இருந்தது. கசிவு தெரிந்தது. "மெட்ராஸ்ல இருந்து ஆள் வர்ற வரைக்கும் அதத் தொடாதீக" என்று சார் கெஞ்சினார். என் வீட்டுக்காரருக்கு முகத்தை முறித்துப் பேசத் தெரியாது. கிழக்கே வெடி வைத்துக்கொண்டிருந்தார். கல்தான் வந்தது. மேலே மிளகாய்ச் செடி கருகிக்கொண்டிருந்தது.

வெடிக்கு முன்னால் மேட்டில் நின்று நாலு பக்கமும் சத்தம் போடுவது என் வேலை. சாருக்குக் கேட்காது என்பதால் அவர் இடுப்பில் ஒரு கயிறு கட்டியிருக்கும். நான் இழுத்தால் ஏறி வந்துவிடுவார்.

அன்று தொண்டை நோகக் கத்தினேன். திரியைக் கொளுத்திவிட்டு என் வீட்டுக்காரர் ஏறி வந்தார். குடைவுக்குள் இருப்பவர் கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியமாட்டார்.

"சார் ஏறிட்டாகளா?"

"கூப்பிட்டாச்சு" என்றேன்.

கயிறு என் கையில் இருந்தது. இழுக்கவில்லை. வெடித்த பிறகு அது ஒருமுறை அசைந்தது. அப்புறம் அசையவில்லை.

நீங்கள் என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டு போன மறுவாரம், ஆள் வைத்து மேற்குச் சுவரை உடைத்தேன். முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வந்தது. மீன் இருந்த பாறை சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போய்விட்டது. மிளகாய் பிழைத்துக்கொண்டது.

அவரை விட்டுவிடுங்கள். அவருக்கு ஒன்றும் தெரியாது. என் மேலும் குற்றம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சத்தம் போட்டேனா இல்லையா என்று விசாரித்துப் பாருங்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்த்தவர்கள்கூட ஓடி ஒதுங்கினார்கள்.