சம்பந்தியாருக்குப் போர்த்திய பொன்னாடை

அன்று இந்த இக்காஸ்ட் ஊரில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் நின்றவர்கள் ஆறு பேர். என் மகள் துஷாரா, அவள் கணவன் சுஜிந்தன், சுஜிந்தனின் தகப்பன் டானியல், தாய் மேரிகிறேஸ், பக்கத்து வீட்டு டேனிஷ்காரர் ஹென்ரிக், இரத்தினசிங்கமாகிய நான். தேனீக்களையும் சேர்த்தால் இன்னும் சில ஆயிரம் பேர் வருவார்கள். அவர்களை நீங்கள் விசாரிக்கத் தேவையில்லை. அவர்கள் தங்கள் குணப்படி நடந்துகொண்டவர்கள்.

இதை நான் டேனிஷிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் மானம் சம்பந்தப்பட்ட விஷயம் அந்த மொழியில் உப்பில்லாமல் போய்விடும். மொழிபெயர்ப்பவர் கொஞ்சம் சிரமப்படட்டும்.

மருமகன் நல்ல பிள்ளை. கணினி வேலை போதாதென்று தேனீ வளர்க்க ஆசைப்பட்டான். வசந்தம் முழுக்கப் பெட்டிக்கு வர்ணம் அடித்தான், சட்டங்களைக் கோத்தான், வலைத் தொப்பியோடு வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றான். பெட்டிக்குள் அதுவரை ஒரு பூச்சி இல்லை. முதல் கூட்டத்தைத் தருவதாக ஹென்ரிக் சொல்லியிருந்தார். ஹென்ரிக் காலமெல்லாம் தேனீக்களோடு வாழ்ந்தவர். மனிதர்களோடு அவ்வளவாக இல்லை.

பெட்டி வைக்க இடம் பார்க்க வந்த அன்று அவர் ஒரு விஷயம் சொன்னார். பெட்டிக்குக் கிட்ட வாழைப்பழம் கொண்டுவரக் கூடாது. ஒரு தேனீ கொட்டினால் அதனிடமிருந்து ஒரு வாசம் எழும்புமாம். மற்றவற்றைச் சண்டைக்குக் கூப்பிடும் வாசம் அது. வாழைப்பழத்துக்கும் அதே வாசம்தானாம். பிறகு, கதிரையில் இருந்த என்னைக் காட்டி, "இவருக்கு விளங்குதா?" என்று டேனிஷில் கேட்டார்.

"நை", இல்லை என்று சிரித்தான் மருமகன்.

நான் இந்த ஊர் நெசவாலையில் டேனிஷ்காரர்களுக்கு நடுவில் முப்பது வருடம் நின்றவன். விளங்கும். பேசத் தகுந்த ஆளைத்தான் இன்னும் சந்திக்கவில்லை.

இனிச் சம்பந்தியார் டானியல். பிள்ளைகளின் கலியாணத்தில், மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் மைக்கைப் பிடித்தார். "எங்கட சம்பந்தியார் முப்பது வருசமா டென்மார்க்கில இருக்கிறார். இண்டைக்கும் பேக்கரியில பாண் வாங்கிறது விரலாலதான்" என்று விரலையும் நீட்டிக் காட்டினார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. "பாவம், அவருக்கு என்ன தெரியும்" என்று முடித்தார். அதன்பிறகு ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் சின்னப் பிள்ளைகள்கூட எனக்கு விரலை நீட்டிக் காட்டும். எங்கள் குடும்பம் நாலு பேருக்கு நியாயம் சொன்ன குடும்பம். பாணுக்காக வாய் திறப்பதில்லை, அவ்வளவுதான்.

டானியலுக்குத் தேனீ ஆகாது. போன கோடையில் ஒன்று கொட்டி, முகம் பேக்கரிப் பாண்போல வீங்கி, ஆஸ்பத்திரியில் கிடந்தார். அன்றிலிருந்து, கொட்டினால் உடனே குத்திக்கொள்ளும் ஊசி மருந்தைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தார். ஆனாலும் மகன் பெட்டி வைக்கும் நாளில் வராமல் இருப்பாரா? முன் கதிரை கிடைக்கும் இடமென்றால் அவர் செத்தவீட்டுக்கும் முதல் ஆளாகப் போவார்.

"நான் தள்ளி இருந்து பாக்கிறன்" என்றார். எங்கள் தோட்டத்தில் தள்ளி என்றால் வேலி.

நல்ல காரியம் தொடங்கும்போது நிறைகுடமும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வைப்பது எங்கள் வழக்கம். வேதக்காரர் ஆன பிறகும் வாழைப்பழத்தை நாங்கள் கைவிடவில்லை. நான் அதைக் கறுத்துக் குழையும்வரை பொத்தி வைத்திருந்தேன். மருமகனும் ஹென்ரிக்கும் பெட்டியைத் திறந்து, வலைக்குள் தலையை விட்டுக்கொண்டு குனிந்த பிறகுதான் தட்டை வெளியே கொண்டுவந்தேன். கையில் பொன்னாடையும் இருந்தது.

"சம்பந்தியார், கோட்டுக்கு மேல போர்த்தினா வடிவில்லை. கழட்டித் தாங்கோ."

"ஓம், ஓம். இப்பவாவது உங்களுக்கு முறை விளங்குதே!" என்று மேரிகிறேசைப் பார்த்துக் கண்ணடித்தார்.

கோட்டை நானே வாங்கி உள்ளே கொண்டுபோனேன். திரும்பி வந்து பொன்னாடையைப் போர்த்தி, ஒரு பழத்தை உரித்து அவர் கையில் கொடுத்தேன். விருந்தாளிக்குச் செய்யவேண்டியதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

முதலில் ஒரு தேனீ வந்தது. பிறகு அதன் சொந்தக்காரர் எல்லாரும் வந்தார்கள். சில பொன்னாடைக் குஞ்சத்துக்குள் சிக்கிக்கொண்டன. ஹென்ரிக் திரும்பிப் பார்த்து, வாழைப்பழம், வாழைப்பழம் என்று டேனிஷில் கத்தினார்.

"அப்பா, மாமாவின்ர கோட் எங்க?" என்று துஷாரா ஓடிவந்தாள்.

"எங்க வைச்சனெண்டு தெரியாது பிள்ளை" என்றேன். தெரியாது என்பது நான் அதிகம் பாவிக்காத சொல்.

ஆம்புலன்ஸ் வந்தது. இந்த நாட்டில் எல்லாம் நேரத்துக்கு வரும். டானியல்தான் காத்திருக்கவில்லை.

செத்தவீட்டில் மேரிகிறேஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அண்ணை, மனசைப் போட்டு உலைக்காதேங்கோ. நீங்கள் முறைக்கு வைச்சது. பாவம், உங்களுக்கு என்ன தெரியும்?" அவளுக்குப் பின்னால் கோயில் சனம் முழுக்கத் தலையாட்டியது. மருமகன் இன்னும் ஒருபடி மேலே போனான். "மாமாவுக்கு டேனிஷ் விளங்காது. நான்தான் சொல்லியிருக்கவேணும்" என்று சுவரில் தலையை மோதினான். தேனீக்களையும் ஹென்ரிக்கிடமே திருப்பிக் கொடுத்துவிட்டான். அவை செய்த குற்றம் என்ன என்று எனக்கு விளங்கவில்லை.

அந்த மன்னிப்போடு வீட்டில் இருந்திருக்கலாம். இருந்தும் பார்த்தேன். ஆனால் டானியல் மைக்கில் சொன்ன அதே வார்த்தையை அவர் செத்த பிறகு ஊரே சொல்லத் தொடங்கினால், நான் இவ்வளவும் செய்தது எதற்கு? இன்று காலை பேக்கரிக்குப் போனேன். எள்ளுத் தூவிய பாண், மெல்லிசாக வெட்டி, என்று முழு டேனிஷில் கேட்டு வாங்கினேன். அங்கிருந்து நேரே இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன்.

இரத்தினசிங்கத்தார் தெரியாமல் வாழைப்பழம் வைத்துவிட்டார் என்று இக்காஸ்ட் முழுக்கக் கதைக்கிறார்கள். அது பொய். எனக்குத் தெரியும். கோட்டும் என் அலுமாரியில்தான், என் கோட்டுகளுக்குப் பின்னால் தொங்குகிறது.