கிளிப் மாட்டிய கிளாஸ்

“கிளிப் இருக்கா, ரெனாட்டா?”

“இருக்குடி. கண்ணாடியப் போட்டுப் பாரு.”

“இல்ல, ரொம்ப நல்லா இருக்கு. அதான் கேட்டேன்.”

“நல்லா இருந்தா குடி. சந்தேகமா இருந்தா எங்கிட்ட கொடு.”

ஜோயெலன் சிரித்துவிட்டுக் குடித்தாள். அது ஜனவரி மாதத்து வியாழக்கிழமை. பழைய தோல் பதனிடும் கட்டடம் ஒன்றில் புதிதாகத் திறந்திருந்த உணவகம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தோம். அன்று நான் பொய் சொல்லவில்லை. கிளிப் அவள் கிளாஸில்தான் இருந்தது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், மேடம்.

ஜோயெலனின் மகள் ஹேட்டிக்காக நீதிமன்றம் நியமித்த வக்கீல் நீங்கள் என்பதால் கிளிப்பை நீங்கள் பார்த்திருக்கலாம். துணி காயப்போடும் மரக் கிளிப். ஹேட்டி பள்ளிக்கூடத்தில் மஞ்சள் வர்ணம் அடித்து, இரண்டு கண்ணும் ஓர் அலகும் வரைந்து அம்மாவுக்குக் கொடுத்தது. ஜோயெலன் குடியை நிறுத்திய பிறகு எங்கள் நால்வருக்குள் ஒரு வழக்கம் வந்தது. எந்த பாருக்குப் போனாலும் அவள் பையிலிருந்து அந்தக் கிளிப்பை எடுத்துத் தருவாள். யார் பானம் வாங்கப் போகிறார்களோ அவர் அதை பார்க்காரரிடம் கொடுப்பார். மது கலக்காத கிளாஸின் விளிம்பில் அவர் அதை மாட்டிவிடுவார். மஞ்சள் கோழிக்குஞ்சு எந்த கிளாஸில் உட்கார்ந்திருக்கிறதோ அது ஜோயெலனுடையது.

நால்வர் என்றால் நான், ஜோயெலன், பெர்னடெட், அவள் கணவன் கர்ட். மாதத்தின் முதல் வியாழக்கிழமை மில்வாக்கியில் நாங்கள் போகாத ஓர் இடத்துக்குப் போவோம். ஏழு வருடமாக இது நடந்தது. ஒரே இடத்துக்கு இரண்டாம் முறை போகக் கூடாது என்பது சட்டம். கர்ட் எங்கே போனாலும் ஓல்டு ஃபேஷன்ட் என்கிற பிராந்திக் கலவையைத்தான் கேட்பான், இனிப்பாக. மீசையை முறுக்கிவிட்ட பார்க்காரர் புகையூட்டிய ரோஸ்மேரி பற்றியும் வீட்டிலேயே காய்ச்சிய கசப்புச் சாறு பற்றியும் விளக்கி முடித்ததும், “பிராந்தி இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லு தம்பி” என்பான்.

“இதக் கேக்குறதுக்கு எதுக்கு ஊர் ஊரா அலையணும்? வீட்டு சோபாவே போதுமே” என்பாள் பெர்னடெட்.

“சோபாவுக்கு ஊத்திக் கொடுக்கத் தெரியாது. பத்தாததுக்கு நீ வேற பக்கத்துல உக்காருவ.”

இப்படித்தான் போகும். நான் வேறு எதற்கும் அதிகம் வெளியே போகிறவள் இல்லை. பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்கிற வேலை. பேச முடியாத வாய்களோடுதான் என் பகல் கழியும். கை நடுங்காது என்பதால் பானத் தட்டைத் தூக்கிவரும் பொறுப்பை எனக்கே விட்டுவிட்டார்கள்.

ஜோயெலன் என் வீட்டு மாடியில் குடியிருக்கிறாள். கீழே நான், மேலே அவள். அவள் மணமுறிவு ஆன வாரத்தில் வந்தாள். குடித்த நாட்களில் அவளைப் படியேற்றியது நான். நிறுத்திய பிறகு முதல் நாற்பது நாள் அவளுக்குச் சூப் வைத்துக் கொடுத்ததும் நான்தான். அதற்காக நான் எதையும் எதிர்பார்க்கவில்லை.

அந்த ஜனவரி இரவுச் சாப்பாட்டில், வறுத்த மீன் வந்தபோது அவள் செய்தியைச் சொன்னாள். ஒன்றரை வருடம் சுத்தமாக இருந்தாயிற்று. ஜூனில் நீதிபதி ஹேட்டியை அவளிடம் கொடுத்துவிடுவார். ஹேட்டி அப்பாவோடு இருக்கும் ஓ கிளேர் என்ற ஊரில், அவளுடைய பள்ளிக்கூடத்துச் சமையலறையிலேயே அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. இரண்டு தெரு தள்ளி வீடும் பார்த்துவிட்டாள். மில்வாக்கியிலிருந்து ஓ கிளேர் காரில் நான்கு மணி நேரம். பெர்னடெட் அழுதாள். கர்ட் எழுந்துபோய் ஜோயெலனின் தலையில் முத்தமிட்டான். நல்ல செய்தி என்று நானும் சொன்னேன். பிறகு பானம் வாங்கப் போனேன்.

அன்று ஜோயெலனும் நானும் ஒரே பானத்தைக் கேட்டிருந்தோம். இஞ்சி, மிளகாய், எரித்த ஆரஞ்சுத் தோல். எனக்கு மதுவோடு, அவளுக்கு மது இல்லாமல். உட்கார்ந்து ஒரு வாய் குடித்ததும் என் கிளாஸில் மது துளியும் இல்லை என்று தெரிந்தது. பார்க்காரர் கிளிப்பை மாற்றி மாட்டியிருந்தார். கூட்டம் அதிகம், அவரைக் குறை சொல்ல முடியாது. அப்போதுதான் ஜோயெலன் ரொம்ப நல்லா இருக்கு என்று சொன்னாள்.

நான் பதில் சொன்னது என் பானத்தைச் சுவைப்பதற்கு முன்பா பின்பா என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். பின்பு.

அவள் முழுவதையும் குடித்தாள். எதுவும் நடக்கவில்லை. யாரும் தரையில் விழவில்லை. அவள் பழையபடி மேசையைத் தட்டிச் சிரித்தாள். பெர்னடெட்டின் மாமியாரைப்போல நடித்துக் காட்டினாள். அதன் பிறகு அவள் ஓ கிளேர் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. வீடு திரும்பும்போது காரின் பின்சீட்டில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

பிப்ரவரியிலிருந்து மே வரை நான்கு வியாழக்கிழமைகளிலும் கிளிப்பை மாற்றியது நான். பாருக்கும் மேசைக்கும் நடுவே பத்துப் பதினைந்து அடி இருக்கும். இரண்டு பேருக்கும் ஒரே பானம், கசப்போ காரமோ தூக்கலாக இருப்பதாகப் பார்த்து நானே தேர்ந்தெடுப்பேன். அவளிடமிருந்து கிளிப் என் கைக்கு வரும், சரியான கிளாஸில் மாட்டப்படும், நான் அதைப் பக்கத்து கிளாஸுக்கு நகர்த்துவேன். மதுவில்லாததை நான் குடிப்பேன். அந்த நான்கு மாதமும் எல்லோரையும் பத்திரமாக வீட்டில் இறக்கிவிட்டது நான்தான். காரோட்டிய யாரும் அந்த இரவுகளில் என்னைவிடத் தெளிவாக இருந்திருக்க மாட்டார்கள்.

சோதனைகளைப் பற்றிக் கேட்டீர்கள். தினமும் காலையில் அவள் ஒரு எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். அன்றைய வர்ணத்தை ஒரு குரல் சொல்லும். அவளுடையது பச்சை. பச்சை என்றால் மதியத்துக்குள் போய்ச் சிறுநீர் கொடுக்க வேண்டும். முந்தைய நாள் குடித்திருந்தாலும் அதில் தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமைகளில் நானும் அந்த எண்ணுக்குப் போன் செய்து கேட்பேன். பிப்ரவரியில் நீலம் வந்தது. மார்ச்சில் பச்சை. ஏப்ரலில் சிவப்பு. மே மாதத்தில் மறுபடியும் பச்சை. பச்சை வரும் நாட்களை நான் தேர்ந்தெடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

மார்ச் சோதனையில் மது தெரிந்தபோது அவளுடைய முன்னாள் கணவன் லைல், ஆய்வகத்தின் பிழையாக இருக்கலாம் என்றுகூடச் சொன்னான். அவன் மோசமானவன் இல்லை. மே மாதத்துக்குப் பிறகு அவனும் அப்படிச் சொல்லவில்லை. நீதிபதி ஹேட்டியுடனான வாரக்கடைசிச் சந்திப்பையும் நிறுத்திவிட்டார். பெர்னடெட் அவளிடம், “ஒத்துக்கடி, நாங்க யாரும் உன்ன அடிக்கப் போறதில்ல” என்றாள். அன்போடுதான் சொன்னாள். ஜோயெலன் அதன்பிறகு அவள் போனை எடுப்பதில்லை.

அவள் என் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தாள்.

“நான் குடிக்கல. நீயாவது நம்புறியா?”

“நம்புறேன்.”

“சும்மா சொல்லாத.”

“உன் மேல சத்தியமா நம்புறேன், ஜோ.”

அது உண்மை. அவள் சொன்னதை முழுமையாக நம்பிய ஒரே ஆள் நான்தான். என் தோளில் முகத்தை வைத்து ரொம்ப நேரம் அழுதாள். அன்றிலிருந்து தினமும் கீழே வந்து என்னோடுதான் சாப்பிட்டாள்.

பிறகு அவள் தன்னையே தேட ஆரம்பித்தாள். வாய் கொப்பளிக்கும் மருந்தைத் தூக்கி எறிந்தாள். வெனிலா எசன்ஸை எறிந்தாள், வினிகரையும் எறிந்தாள். தூக்கத்தில் எழுந்து போய்க் குடித்துவிட்டு வருகிறேனோ என்று மாடிக் கதவில் ஒரு மணியைக் கட்டினாள். மணி ஒருநாளும் அடிக்கவில்லை. காலையில் அதை அவளிடம் சொல்வேன். “அப்ப எப்படி?” என்பாள். எனக்குத் தெரியவில்லை என்பேன்.

ஜூன் முதல் வாரம் ஒரு முழு பிராந்தி பாட்டிலை வாங்கிவந்து என் மேசைமேல் வைத்தாள். எல்லோரும் சொல்கிறார்கள், குடித்தே விடுகிறேன் என்றாள். நான் அதை எடுத்து, மூடியைத் திறந்து, கடைசிச் சொட்டுவரை தொட்டியில் ஊற்றிவிட்டேன். குடிப்பழக்கத்திலிருந்து மீண்டவளுக்குப் பாட்டிலை நீட்டுகிறவள் நான் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் இப்போது மூன்றாவது முறையாக ஹேட்டியைப் பற்றிக் கேட்கிறீர்கள். நல்ல குழந்தை. மஞ்சள் வர்ணம் அவளுக்குப் பிடிக்கும். அப்பாவிடம் நன்றாகத்தான் இருக்கிறாள். குழந்தைகள் எதற்கும் பழகிக்கொள்வார்கள்.

நான் ஏன் இன்று வந்தேன் என்பதைச் சொல்கிறேன். போன செவ்வாய்க்கிழமை ஜோயெலன் நீதிமன்றத்தில் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டாள். நான் குடித்தேன், நினைவில்லாமல் குடித்திருக்கிறேன், எனக்குச் சிகிச்சை வேண்டும் என்று. ஒப்புக்கொண்டு தொண்ணூறு நாள் தங்கிச் சிகிச்சை எடுத்தால் மகளைப் பற்றி மறுபடி பேசலாம் என்று சொல்லியிருந்தீர்கள். அந்தச் சிகிச்சை இல்லம் ஓ கிளேருக்குப் பக்கத்தில். முடிந்ததும் அங்கேயே தங்கிவிடப் போகிறாள். வருடக்கணக்கில் ஆனாலும் ஹேட்டியின் ஊரிலேயே காத்திருப்பாளாம். திங்கட்கிழமை கிளம்புகிறாள். நேற்று முழுக்க அவளோடு உட்கார்ந்து பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கினேன். “நீ இல்லன்னா நான் எப்பவோ செத்திருப்பேன்டி” என்று சொல்லி என் நெற்றியில் முத்தமிட்டாள்.

இரவு முழுக்க யோசித்தேன். செய்யாத ஒன்றைச் செய்தேன் என்று ஒருவர் எழுதிக் கொடுப்பது சரியில்லை. அதனால்தான் வந்திருக்கிறேன், வேறெதற்கும் இல்லை. கிளிப்பை மாற்றியது நான். அவள் குடித்த ஒவ்வொரு சொட்டையும் அவளுக்குத் தெரியாமல் கொடுத்தது நான். அவளுக்கு எந்த நோயும் இல்லை. ஆகவே அந்தத் தாள் செல்லாது. ஆகவே சிகிச்சையும் தேவையில்லை. திங்கட்கிழமை அவள் எங்கும் கிளம்ப வேண்டியதில்லை. பெட்டிகளைப் பிரிக்க எனக்கு ஒரு பகல் போதும்.

என்மேல் என்ன வழக்குப் போடுவீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்க ஏதாவது இருக்கிறதா என்று நீங்கள்தான் கேட்டீர்கள். இருக்கிறது. ஏழு வருடமாக இருக்கிறது. அவளிடம் ஒருநாளும் கேட்டதில்லை. படியேற்றிவிட்ட நாட்களிலும் கேட்டதில்லை, சூப் கொடுத்த நாட்களிலும் கேட்டதில்லை. வாய்வரை வரும், பிறகு வேறு எதையாவது பேசிவிடுவேன்.

“என்ன விட்டுட்டுப் போகாதன்னு அவகிட்ட சொல்லுங்க, மேடம். நீங்க சொன்னா கேப்பா.”